அஞ்சருவிக் காவல்காரன்

பெஞ்சமினுக்கு வலது கால் எலும்பு முறிந்தது இலஞ்சி வளைவில். சாரல் விழுந்தால் அந்த ரோடு எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும் என்பது தென்காசிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மருந்துக் கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டு வருஷமாகச் செங்கோட்டைக்கும் சங்கரன்கோவிலுக்கும் பைக் ஓட்டியவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் விழுந்தான். உள்ளே பிளேட் வைத்துத் தைத்து, மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி மேலகரத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

மனைவி ஜாய் பள்ளிக்கூட டீச்சர். எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் தலையைக் காட்டுவாள். மகள் நாகர்கோவிலில் ஹாஸ்டலில். முதல் வாரம் முழுக்கப் போனை நோண்டிக் கழுத்து வலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டான். இரண்டாம் வாரம் ஜாய் மூலையில் துணி போட்டு மூடிக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தாள்.

"முன்னால ராஜா சண்டை, கோட்டை சண்டைன்னு மணிக்கணக்கா ஆடுவீயள்லா. எதையாவது ஆடுங்க. காசு கட்டி மட்டும் வாங்கிராதீய" என்றாள்.

அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் அவன் உட்கார்ந்து ஆறு வருஷமாகிறது. அது கடையில் வாங்கியதில்லை. சுடலைமாடன் பாகம் பாகமாக வாங்கிவந்து பூட்டிக் கொடுத்தது. சுடலை செத்தும் ஆறு வருஷமாகிறது. ஆனால் சும்மா கிடக்கிறவனுக்கு வீம்பு எத்தனை நாள் தாங்கும்? மூன்றாம் நாள் பொத்தானை அமுக்கிவிட்டான்.

இலவசம் என்று போட்டுத் தேடினால் இன்டர்நெட்டில் கொட்டிக் கிடக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அப்படிச் சொன்னவர் ஓசியில் கம்ப்யூட்டர் விளையாட்டு இறக்கிப் பார்த்திருக்க மாட்டார். இங்கே பல்லைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பெஞ்சமின் இறக்கிய முதல் விளையாட்டு நாலு கட்டம் வரை நல்லபிள்ளையாக இருந்துவிட்டு ஐந்தாவதில் கார்டு நம்பர் கேட்டது. இரண்டாவதில் ஒரு மதில் கட்டப் பதினோரு மணி நேரம் ஆகுமாம், அவசரமென்றால் பணம் கட்டலாமாம். நிஜக் கொத்தனார் கூட இவ்வளவு நேரம் கேட்பதில்லை என்று திட்டி அதை அழித்தான். மூன்றாவது, தன்னோடு ஒரு ரம்மி விளம்பரத்தையும் கூட்டிக்கொண்டு வந்து திரையில் குடிவைத்துவிட்டது. நாலாவது நல்ல சாதி. ஆனால் பழைய மெஷின் அதைத் தாங்க மாட்டாமல் ஊளையிட்டு அணைந்துபோயிற்று.

இப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் அவனுக்குச் சூத்திரம் பிடிபட்டது. நெட் இல்லாமலும் ஓட வேண்டும். அளவு சின்னதாக இருக்க வேண்டும். செய்தவர்கள் தங்கள் வேலையை ஒளிக்காமல், இதோ உள்ளே திறந்து பார் என்று வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அதைப் பற்றி எங்காவது நாலு பேர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். சண்டை ஓய்ந்துபோன விளையாட்டு செத்த விளையாட்டு.

அந்தச் சல்லடையில் தேறியது ஒன்று. 'பவுண்டரி ஸ்டோன்ஸ்' என்று பெயர். எந்தெந்த தேசத்திலேயோ இருக்கிறவர்கள் வேலை முடிந்த நேரத்தில் உட்கார்ந்து பதினைந்து வருஷமாகச் சும்மா செய்து தருவது. பார்க்க லட்சணமில்லை. தேன்கூட்டுக் கட்டங்களாகப் பிரித்த நிலம், அதில் நெல்மணி அளவுக்கு வீரர்கள். நீ நகர்த்து, பிறகு எதிரி நகர்த்துவான், பிறகு நீ. அவசரப்படுத்த ஆளில்லை. காலை நீட்டிக் கிடக்கிறவனுக்குக் கடவுளாகப் பார்த்து அனுப்பியது. மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். கால் வலியே மறந்துபோயிற்று.

நாலாம் நாள் அந்த விளையாட்டின் கூடுதல் பக்கத்துக்குள் போனான். ஆடுகிறவர்களே செய்து போட்ட வரைபடங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடந்தன. எல்லாம் வாயில் நுழையாத ஊர்கள். அதற்கு நடுவில் ஒரு வரி 'தென்காசி' என்று இருந்தது. தன் ஊர்ப் பெயரைப் பார்த்தால் தென்காசிக்காரன் சும்மா போவானா? அமுக்கினான். இதுவரை இறக்கியவர்கள் மூன்று பேர். செய்தவர் பெயர் மாடன்802. கடைசியாகத் திருத்திய தேதி, ஆறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஐப்பசி மாதத் தேதி.

அது சுடலை செத்த தேதி. அதற்கு அவன் காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணூற்று இரண்டு குற்றாலத்துப் பின்கோடின் வால். வெளியே சாரல் ஜன்னல் கம்பியில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணி. பெஞ்சமின் இறக்குகிற பொத்தானை அமுக்கினான்.

சுடலையும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, மூணாம் பெஞ்சு. ஒருத்தன் மாடன் பெயரும் ஒருத்தன் பைபிள் பெயருமாக இருக்க, சார்மார் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பிரம்பால்தான் அடித்தார்கள். சுடலை பிறகு தென்காசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டான். இவன் மருந்துப் பையைத் தூக்கினான். சுடலையின் அம்மா தங்கத்தாய்க்கு ஐந்தருவியில் சீசன் கடை. சாரல் மாதங்களில் ரம்புட்டான், மங்குஸ்தான் விற்பாள். சீசன் முடிந்து கடை வெறும் கம்பும் தகரமுமாக நிற்கிற காலத்தில் இவர்கள் இரண்டு பேரும் பரோட்டாப் பொட்டலத்தோடு அங்கே போய் உட்கார்ந்து பேசுவார்கள்.

அந்த ஐப்பசி நாளன்று பெஞ்சமின் வாசுதேவநல்லூரில் ஒரு டாக்டரைப் பார்க்க வரிசையில் இருந்தான். மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும். போன் அடித்தது.

"ஏலே, எங்கன இருக்க? அஞ்சருவிக்கு வா. ஒண்ணு காட்டணும். நிக்கேன்" என்றான் சுடலை.

வாசுதேவநல்லூரில் இருப்பதாக இவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "சரிலே, வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தான்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். அது ஆகாத சொல். போகிறவனும் 'வாரேன்' என்றுதான் சொல்லவேண்டும். போனை வைக்கும்போதும் அதுவேதான். அதைக் கேட்டு யாரும் உலை வைப்பதில்லை. எழவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். பெஞ்சமின் அன்றைக்குச் சொன்னது போனை வைக்கிற வாரேன். டாக்டரைப் பார்த்துவிட்டு, அப்படியே புளியங்குடிக்குப் போய் இரண்டு கடையில் ஆர்டர் எடுத்தான்.

மூன்று மணிவாக்கில் ஐந்தருவி ரோட்டில், காற்றும் மழையுமாக அடித்தபோது, ஒரு மருத மரத்தின் பெரிய கொப்பு முறிந்து கீழே நின்ற சுடலையின் மேல் விழுந்தது. பையில் இருந்த லேப்டாப்பும் கையில் இருந்த போனும் நொறுங்கிப்போயின. கடையெல்லாம் அடைத்துக் கிடக்கிற மாதம். அந்த மழையில் அந்த மரத்தடியில் அவனுக்கு என்ன வேலை என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

தங்கத்தாய் அழுதது குறைவு. கேட்டதுதான் அதிகம். "அந்த மழையில யாருக்காவ நின்னான்?" என்று கேட்டாள். வருகிறவர்களை எல்லாம் கேட்டாள். பதினாறாம் நாள் கேட்டாள். வருஷாவருஷம் சீசனுக்குக் கடை போடும்போது, பழம் எடுக்க வந்தவர்களைக்கூடக் கேட்டாள் என்று சொல்லுவார்கள். பெஞ்சமினையும் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு தெரியலையே ஆச்சி என்று சொன்னான். அதற்குப் பிறகு ஐந்தருவிப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும். ஆனாலும் நெஞ்சுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தான். வாரேன் என்றால் வைக்கிறேன் என்று சுடலைக்குத் தெரியாதா? ஊரில் பிறந்தவன்தானே. இவன் வரமாட்டான் என்று தெரிந்துகொண்டு வேறு யாருக்காவது நின்றிருப்பான். பஸ்ஸுக்கு நின்றிருப்பான். மழைக்கு ஒதுங்கியிருப்பான். இந்த 'இருப்பான்'களைப் பிடித்துக்கொண்டுதான் பெஞ்சமின் ஆறு வருஷத்தை ஓட்டினான். ஆனால் அன்றிலிருந்து வாரேன் என்ற சொல் மட்டும் அவன் வாயில் வருவதில்லை. எங்கிருந்தும் சொல்லாமலே எழுந்து போய்விடுவான். எழவு வீட்டில் இருந்து போற மாதிரியே எங்கம்மை வீட்டுல இருந்தும் போறீயளே என்று ஜாய் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். அவளிடமும் அவன் காரணம் சொன்னதில்லை.

வரைபடம் இறங்கி முடிந்தது. திறந்தான்.

மேற்கே ஓரம் முழுக்க மலை. அதிலிருந்து ஒரு நீலக்கோடு இறங்கிச் சிற்றாறாக ஓடியது. கிழக்கே பாவூர்சத்திரம், வடக்கே சொக்கம்பட்டி, அதற்கும் மேலே வாசுதேவநல்லூர். இவ்வளவும் யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் தென்காசிக்குப் பக்கத்தில் 'மூணாம் பெஞ்சு' என்று ஒரு குக்கிராமம் இருந்தது. 'பரோட்டாத் திட்டு' என்று ஒரு மேடு இருந்தது. பெஞ்சமின் சிரித்துவிட்டான். சிரித்த வாய் மூடுவதற்குள் கண் கலங்கிவிட்டது. காட்டணும் என்று சொன்னாயே, இதைத்தானா?

ஆடுகிறவன்தான் தென்காசி ராஜா. எதிரி சொக்கம்பட்டியான். ஐந்தருவியில் மட்டும் ஒற்றை ஆளாக, வேலை ஊன்றிக்கொண்டு, ஒரு காவல்காரன் நின்றான். நம் பக்கத்து ஆள். ஆனால் நாம் நகர்த்த முடியாது. தானாக இயங்குகிறவன்.

பத்தாவது சுற்றில் வாசுதேவநல்லூரில் எதிரி புகுந்தான். இருந்த படையை எல்லாம் பெஞ்சமின் அங்கே ஓட்டினான். படை அங்கே போய்ச் சேர்ந்த சுற்றில், திரையின் நடுவில் ஒரு பெட்டி முளைத்தது. அந்த விளையாட்டுக்குத் தமிழ் எழுத்தைச் சரியாகப் போடத் தெரியவில்லை. கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தள்ளித் தள்ளி நின்றன. ஆனாலும் படிக்க முடிந்தது.

'ஏலே, எங்கன இருக்க? அஞ்சருவிக்கு வா. ஒண்ணு காட்டணும். நிக்கேன்.'

கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'வாரேன்'. இன்னொன்றில் 'வரல'.

பெஞ்சமினுக்குக் காதில் அந்தக் குரல் அப்படியே கேட்டது. கேட்ட மாத்திரத்தில் கை தானாகப் போய் வாரேனை அமுக்கிவிட்டது. பழக்கம். பெட்டி மறைந்தது. காவல்காரன் தலைக்குமேல் ஒரே ஒரு சொல் தோன்றி மறைந்தது. 'நிக்கேன்.'

வாசுதேவநல்லூரில் சண்டை பலமாக நடந்தது. அதை விட்டுவிட்டு எப்படி வருவது? அடுத்த சுற்றுக்கு அனுப்பலாம், அதற்கடுத்த சுற்றுக்கு அனுப்பலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். காவல்காரன் அசையவில்லை. சொக்கம்பட்டிப் படை மலையடிவாரமாகச் சுற்றி இறங்கியபோது, பக்கத்துக் கட்டத்தில் ஒதுங்க இடம் இருந்தும் அவன் அசையவில்லை. இருபத்து மூன்றாம் சுற்றில் அந்தக் கட்டம் காலியாயிற்று. ஓர் ஆளை இழந்தீர்கள் என்று ஓரத்தில் இங்கிலீஷில் ஒரு வரி வந்துபோனது. அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரை அணைத்தான். மின்விசிறி நின்ற பிறகும் அந்தப் பெட்டிக்குள் ஏதோ சுற்றுகிறாற்போலவே இருந்தது. இது விளையாட்டு, ஒரு கணக்கு, செத்தவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டான். இருந்தும், ஜாய் வருகிறவரை அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிப் படுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் அவள் போன கையோடு மறுபடி போட்டான். எரிகிற இடத்தைத்தானே கை தடவும். வாரேனை அமுக்கினான். காவல்காரன் நின்றான். செத்தான். மூன்றாம் தடவையும் அதேதான். நாலாம் தடவை 'வரல'வை அமுக்கினான்.

பெட்டியில் வேறு எழுத்து வந்தது. 'சரிலே. மழையா இருக்கு. வீட்டுக்குப் போறேன்.'

காவல்காரன் வேலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டமாக நடந்தான். குற்றாலம் தாண்டினான். சொக்கம்பட்டிப் படை ஐந்தருவிக்கு வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. நாற்பது சுற்று ஆகியும், ஐம்பது சுற்று ஆகியும் காவல்காரன் தன் வீட்டில் உயிரோடு இருந்தான்.

பெஞ்சமின் அந்தச் சின்ன உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வரல என்று சொல்லியிருந்தால் சுடலை வீட்டுக்குப் போயிருப்பான். அதே மூன்று எழுத்தில், கொஞ்சம் மரியாதைக் குறைவாக ஒரு சொல். அதைச் சொல்ல அவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. இல்லை, மறந்தும் அப்படிச் சொல்லக் கூடாது என்றுதான் வளர்த்திருந்தார்கள். ஆறு வருஷம் பிடித்துக்கொண்டிருந்த 'இருப்பான்'கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

மூன்றாவதாக ஒரு வழி பாக்கியிருந்தது. சாப்பிடக்கூட எழாமல் திரும்ப முதலிலிருந்து தொடங்கினான். பெட்டி வந்தது. வாரேன் என்று அமுக்கினான். வாசுதேவநல்லூரில் இருந்த அத்தனை படையையும் திருப்பினான். ஊர் போனால் போகட்டும். போயிற்று. புளியங்குடி போயிற்று. கடையநல்லூர் போயிற்று. தென்காசிக் கோட்டையில் தீப்பிடித்தது. எதையும் திரும்பிப் பார்க்காமல் கட்டம் கட்டமாக மேற்கே ஓட்டினான். இருபத்திரண்டாம் சுற்றில், சொக்கம்பட்டியான் வருவதற்கு ஒரு சுற்று முன்னால், அவனுடைய குதிரைக்காரன் ஐந்தருவிக் கட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

பெட்டி முளைத்தது. வெறும் பெட்டி. உள்ளே ஓர் எழுத்து இல்லை. கீழே 'சரி' என்று ஒரு பொத்தான் மட்டும்.

கோளாறாக இருக்குமோ என்று நினைத்தான். இந்த விளையாட்டில் எல்லாம் திறந்துதானே கிடக்கிறது. வரைபடத்தின் கோப்பைத் தேடிப் பிடித்துத் திறந்தான். இங்கிலீஷ் சொற்களும் அடைப்புக்குறிகளுமாக நீளமாக ஓடியது. அதற்கு நடுவே அந்த மூன்று பதில்களும் வரிசையாக இருந்தன. வரல என்றால் இது. வாரேன் என்றால் இது. மூன்றாவது, வந்து சேர்ந்தால். அதற்கு எதிரே வெற்றிடம். பக்கத்தில் ஆடுகிறவர் கண்ணுக்குத் தெரியாதபடி, தனக்காகச் சுடலை ஒரு குறிப்பு போட்டு வைத்திருந்தான்.

'இது அவன் வந்த பெறவு எழுதணும்.'

கோப்பைக் கடைசியாகச் சேமித்த நேரம் ஓரத்தில் இருந்தது. பிற்பகல் ஒன்று இருபத்தைந்து. போன் பேசி நாற்பது நிமிஷம் கழித்து. அம்மாவின் காலிக் கடையில், தகரத்துக்குக் கீழே, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, இவன் வாசுதேவநல்லூரில் இருந்து வந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறான். எழுதி முடித்து, நெட்டில் ஏற்றிவிட்டு, மூடிப் பையில் போட்டுக்கொண்டு, பைக் வந்தால் தெரியட்டும் என்று ரோட்டுக்கு இறங்கி மரத்தடியில் நின்றிருக்கிறான்.

ஜாய் வரும்போது பெஞ்சமின் அப்படியே உட்கார்ந்திருந்தான். மத்தியானச் சோறு மூடியபடி இருந்தது. அவள் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னான். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அவள் பையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். படவில்லை. ஆறு வருஷமாகத் தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று குறைப்படவும் இல்லை.

"எங்கிட்ட சொல்லி என்னங்க செய்ய? கேட்டது அந்த ஆச்சில்லா" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தெருமுனை அஹ்சனின் ஆட்டோவில் ஜாய் அவனைக் காலை நீட்டி உட்கார வைத்து, ஊன்றுகோல்களைப் பக்கத்தில் சொருகிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். தானும் வருவதாக அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். ரோடு நெடுக வேனும் காருமாக நின்றன. தலையில் எண்ணெயோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். சிப்ஸ் பொரிக்கிற வாசனையும் ஈரமும். மருத மரம் அங்கேயேதான் நின்றது. ஒரு பக்கம் மொட்டையாக இருந்த இடத்தில் புதுக்கொப்பு தழைத்து, முன்னால் இருந்ததற்கு வித்தியாசமே தெரியாதபடி ஆகிவிட்டிருந்தது. பெஞ்சமினுக்கு அந்த மரத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

தங்கத்தாய் நீலத் தார்ப்பாயின் கீழே ரம்புட்டானைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. இவனைப் பார்த்ததும் ஊன்றுகோலைத்தான் முதலில் பார்த்தாள். கால் என்ன ஆச்சு என்று கேட்டாள். காலிப் பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். அவன் உட்கார்ந்தான். யாரோ ஒரு குடும்பம் மங்குஸ்தான் விலை கேட்டது. அவர்கள் போகிறவரை காத்திருந்தான். போன பிறகு, மழைச் சத்தத்துக்கு மேலே, சொன்னான்.

"ஆச்சி, சுடல அன்னைக்கு நின்னது எனக்காவத்தான்."

அவள் கை நின்றது. அவ்வளவுதான். அவன் மற்றதையும் சொன்னான். போன் வந்தது, டாக்டர் வீட்டில் கூப்பிட்டது, புளியங்குடிக்குப் போனது எல்லாம். விளையாட்டைப் பற்றியும் சொல்லிப் பார்த்தான். அது அவளுக்குப் புரிந்ததோ என்னவோ.

"நீ அவங்கிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

"வாரேன்னுதான் ஆச்சி சொன்னேன். போன வைக்கதுக்குச் சொன்னேன்."

அறைவாள் என்று நினைத்தான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் கொத்தைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தாள்.

"சின்னதுல நா பாவூர்சத்திரம் சந்தைக்குப் போவேன். அழுவான். வாரேம்லே, வாரேம்லேன்னு சொல்லிட்டுப் போவேன். பொழுதடைய வருவேன், வாசல்லயே நிப்பான். சோறு திங்காம நிப்பான். உள்ள போயி இருக்கக் கூடாதான்னு ஏசுவேன். நீ வாரேன்னு சொன்னேல்லான்னு சொல்லுவான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நா ஒருநாளும் வராம இருந்ததில்ல."

பெஞ்சமின் அழுதான். இத்தனை பேர் போகிற ரோட்டில், நாற்பத்திரண்டு வயசில், வாய்விட்டு அழுதான். அவள் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. வந்தவர்களுக்குப் பழம் நிறுத்துக் கொடுத்தாள். இடையில் ஒரு தடவை, அவன் பக்கம் திரும்பாமலே, ஒரு மங்குஸ்தானை உடைத்து அவன் கையில் வைத்தாள். யாருக்காவ நின்னான் என்று அன்றைக்கு அவள் யாரிடமும் கேட்கவில்லை.

அஹ்சன் ஹாரன் அடித்தான். வேறு சவாரி இருந்திருக்கும். பெஞ்சமின் ஊன்றுகோலைக் கக்கத்தில் கொடுத்து எழுந்து நின்றான். ஒன்றும் சொல்லாமல் திரும்பினான், ஆறு வருஷப் பழக்கப்படி. இரண்டடி வைத்தவனுக்குக் கால் நகரவில்லை. இது எழவு வீடு இல்லை. இங்கேயிருந்து சொல்லாமல் போகக் கூடாது. திரும்பி நின்று, வலிய வரவழைத்துச் சொன்னான்.

"வாரேன் ஆச்சி."

அவள் தலை நிமிர்ந்தாள். இவ்வளவு நேரத்தில் அப்போதுதான் அவனை நேருக்கு நேர் பார்த்தாள். சுடலையின் கண்கள்.

"என்னைக்கு?"

ஊரில் யாரும் யாரிடமும் கேட்டிராத கேள்வி.

"திங்கக்கிழம."

"எத்தன மணிக்கு?"

"மூணு மணிக்கு ஆச்சி."

"சரி. நிக்கேன்" என்றாள்.

ஆட்டோ கூட்டத்தை விலக்கி விலக்கி மெதுவாகக் கிளம்பியது. வளைவு திரும்புவதற்கு முன்னால் பெஞ்சமின் எட்டிப் பார்த்தான். தார்ப்பாயைவிட்டு வெளியே வந்து, அந்த மரத்தடியில், மழையில், தங்கத்தாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான்.